கணவருக்கு ஒரு முகப்பு

மூளைக்கு வைக்கிற கணினியில் எந்த முகப்பைப் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எந்த அபிப்பிராயமும் சொல்லக் கூடாது. எங்கள் பிரிவின் நான்காவது விதி அது. மற்ற விதிகள் கை கழுவுவது பற்றியும் செருப்பைக் கழற்றுவது பற்றியும்.

என் பெயர் ஜெசிந்தா. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மூன்றாம் மாடி, நிறுவல் பிரிவு. ரத்தக்கட்டு வந்து மூளையில் ஒரு குறிப்பிட்ட இடம் செத்துப்போனவர்கள் இங்கே வருவார்கள். அவர்களுக்கு நினைவு போகாது, அறிவும் போகாது. எது எப்போது முன்னால் வர வேண்டும் என்று எடுத்துக்கொடுக்கிற வேலை மட்டும் நின்றுபோகும். தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும், தாகமும் எடுக்கும், இரண்டையும் சேர்த்து வைக்க உள்ளே ஆள் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பார்கள். காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கணினியைப் பொருத்தினால் அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால் அரசாங்கம் அதை எடுத்தது. மனிதர்களின் மண்டைக்குள் போகிற பொருளைப் பூட்டி விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம் என்று யாரோ ஒரு செயலாளருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர்.

அந்த லினக்ஸின்மேல் ஒரு முகப்பு வேண்டும். கணினிக்காரர்கள் அதை டெஸ்க்டாப் சூழல் என்பார்கள். அடியில் ஓடும் இயந்திரம் எல்லாருக்கும் ஒன்றுதான். எதை முன்னால் வைப்பது, எதை ஒளித்துவைப்பது, எதைக் கேட்டால் மட்டும் தருவது என்பதெல்லாம் முகப்பின் வேலை. மேசைமேல் இருக்கிற கணினியில் ஒரு முகப்பு பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆளிலும் மாற்றலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. அப்படி மாற்றிய இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் மாற்றுவதில்லை.

ஐந்து முகப்புகளுக்கு ஐந்து திணைகளின் பெயரை ஒரு குழு வைத்தது. நெய்தலும் பாலையும் பராமரிக்க ஆளில்லாமல் நின்றுபோயின. மிச்சம் குறிஞ்சி, மருதம், முல்லை. குறிஞ்சி பார்க்க அழகு. ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் கண்ணில் படும், மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். மருதத்தில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், எல்லாவற்றையும் திருகலாம். மொத்தம் ஆயிரத்து நானூறு அமைப்புகள். முல்லை எடை குறைவு. அலங்காரம் கிடையாது, ஆள் முன்பு இருந்த வரிசையைக் கலைக்காது, கேட்டதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். நான் மருதக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசை அருள்தாஸ் குறிஞ்சிக்காரர். இதனால் நாங்கள் இருவரும் ஆறு வருடமாகச் சேர்ந்து சாப்பிடுவதில்லை. முல்லைக்காரர்கள் சண்டைக்கே வர மாட்டார்கள், அதனால் அவர்கள்மேல் எங்கள் இருவருக்குமே கோபம்.

ஹேமலதா அம்மா ஒரு திங்கட்கிழமை வந்தார். அறுபத்தொரு வயது, வத்தலக்குண்டு. கூடவே சென்னையிலிருந்து வந்த மகள் நிறைமதி. நடுவில் சக்கர நாற்காலியில் கணவர் மணிமாறன், ஓய்வு பெற்ற நில அளவையர். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

படிவத்தில் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"இதுல அவருல்ல போடணும்?" என்றார் ஹேமலதா அம்மா.

"ரேஷன் கார்டுல தலைவர் நீங்கதாம்மா. முகப்பு எதுன்னு முடிவு பண்றதும் நீங்கதான்."

ஏதோ ஒரு மகளிர் திட்டத்துக்காகக் கார்டில் பெயரை மாற்றியிருந்தார்கள். விண்ணப்பத்தின் நகல் கோப்பில் இருந்தது. நிரப்பியவர் மணிமாறனேதான். கட்டத்தைத் தாண்டாத எழுத்து. கார்டோடு சேர்த்துத் தன் மண்டையையும் எழுதிக்கொடுக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் மாவட்டத்தில் பாதி ஆண்கள் இந்தக் காரியத்தைச் செய்துவைத்திருக்கிறார்கள்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"நோய் வர்றதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவாரும்மா?"

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட."

"எங்கிட்ட பேச மாட்டாரு. நானும் பேச மாட்டேன். பதினோரு வருஷம் ஆச்சு."

"வீட்ல நீங்க ரெண்டு பேருதானே?"

"இவ இருந்தவரைக்கும் இவ மூலமா பேசிக்குவோம். இவ சென்னைக்குப் போனப்புறம் வீட்ல ஒரு குரல் மெஷின் இருக்குல்ல, அது மூலமா. சாப்பாடு ஆயிருச்சுன்னு சொல்லுன்னு சொல்லுவேன், அது அவர் ரூம்ல போய்ச் சொல்லும். உப்பு கம்மின்னு அவர் சொன்னா, அது எங்கிட்ட வந்து 'உப்பு சற்றுக் குறைவு எனத் தகவல்' அப்படின்னு சொல்லும்."

"அம்மா, மேடத்துக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றாள் நிறைமதி.

எனக்கு அதுதான் தேவை. 'மனைவியுடன் தொடர்பு' என்ற கட்டத்தில் 'இயந்திரம் வழியாக' என்று எழுதினேன். காரணம் கேட்டேன். ஹேமலதா அம்மா கணவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

விராலிப்பட்டியில் ஹேமலதா அம்மாவின் அண்ணன் தண்டபாணிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைத் தகராறு. அளந்து கல் நடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் குறுவட்டத்துக்கு அளவையர் மணிமாறன். அவரே போனார், அளந்தார், மைத்துனரின் இடத்துக்குள் இரண்டேகால் அடி தள்ளிக் கல்லை நட்டுவிட்டு வந்தார். அண்ணன் வீட்டுக் குளியலறையையும் ஒரு சுவரையும் இடித்தார்கள். இனி என் வாசலை மிதிக்காதே என்று அண்ணன் தங்கையிடம் சொல்லிவிட்டார். எட்டு மாதம் கழித்து அவர்களுடைய அம்மா செத்துப்போனார். ஹேமலதா அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உர வியாபாரி ஒருவர் சொல்லித் தெரிந்திருக்கிறது.

"அவரு தப்பா அளந்தாருன்னு நான் சொல்லல மேடம்," என்றார். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாருன்னா போதும். அளவுன்னா அளவுதான்னு சொல்லிட்டுச் சாப்பிட உக்காந்தாரு."

நடைமுறையை விளக்கினேன். எதையும் நிரந்தரமாகப் போடுவதற்கு முன் மூன்று முகப்புகளையும் ஆளுக்குள் தற்காலிகமாக ஓட்டிக் காட்டுவோம், நாளுக்கு ஒன்று. காலை ஒன்பதுக்கு ஏற்றி மாலை ஐந்துக்கு மூடுவோம். அந்த எட்டு மணி நேரத்தில் அவர் பேசியது, பார்த்தது, கேட்டது எதுவும் சேமிக்கப்படாது. மூன்று பேருடைய நாட்களும் ஒருவருக்குள் கலந்தால் ஆள் குழம்பிவிடுவார். நான்காம் நாள் குடும்பத் தலைவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் கடைசி வரைக்கும்.

"அவருக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்குமா?" என்று கேட்டார் ஹேமலதா அம்மா.

"உங்களுக்கு இருக்கும்மா."

"நல்லா இருக்கு," என்றார்.

முதல் நாள் குறிஞ்சி. அகர வரிசை. மருத்துவமனையில் இதற்கென்று ஒரு மாதிரி வீடு இருக்கிறது. ஒரு கட்டில், அடுப்பு, நாற்காலிகள், யாரும் பார்க்காத ஒரு தொலைக்காட்சி. ஒன்பது மணிக்கு ஏற்றினேன். மணிமாறன் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். குறிஞ்சியில் சிரிப்பு மெதுவாக விரிந்து மெதுவாக மூடும். அதற்காகவே நான்கு பேர் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார்கள்.

"ஹேமா, நிக்கிறியே, வா, உக்காரு."

ஹேமலதா அம்மா என்னைப் பார்த்தார். "யாரைச் சொல்றாரு?"

"உங்களைத்தாம்மா."

"உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்மா. என்னை மன்னிச்சிரு," என்றார் மணிமாறன். குரல் லேசாகத் தழுதழுத்து, சரியான இடத்தில் நின்றது.

ஹேமலதா அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகளும் அழுதாள். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்த அருள்தாஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் வரை அந்த வீட்டில் பதினோரு வருடம் நடக்காததெல்லாம் நடந்தது. சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். உன் தலைமுடி நரைத்தாலும் அழகுதான் என்றார். அது மருத்துவமனைக் கேண்டீன் சாம்பார், ஹேமலதா அம்மா சாயம் பூசியிருந்தார். இருந்தாலும் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. மூன்று மணி வாக்கில் ஹேமலதா அம்மா என்னிடம் சொன்னார், "எதுக்கு மன்னிப்புக் கேட்டாருன்னு கேளுங்க."

கேட்டேன்.

"எதுவா இருந்தா என்ன? அவ மனசு நொந்திருக்கு. அது போதாதா?" என்றார் மணிமாறன்.

என் திரையில் பார்த்தேன். விராலிப்பட்டி நினைவு அழியவில்லை. ஆறு அடுக்கு பின்னால் இருந்தது. பயனருக்குத் தொந்தரவு தரும் என்று குறிஞ்சி அதை ஒதுக்கி வைத்திருந்தது. பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கும். "விராலிப்பட்டில ஒரு கல்லு நட்டீங்களே சார்?" என்றேன்.

"ஆமா, நட்டேன். அன்னைக்கு நல்ல வெயில்," என்று சொல்லிச் சிரித்தார். மெதுவாக விரிந்து மெதுவாக மூடியது.

ஐந்து மணிக்கு மூடினேன். அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் மருதம். நான் கொஞ்சம் நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்றிய உடனே மணிமாறன் பேச ஆரம்பித்தார். மின்விசிறியில் சத்தம் வருகிறது, ரத்த அழுத்த மாத்திரை காலையில் கொடுக்கவில்லை, ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்க இந்த மாதம்தான் கடைசி, வீட்டுக் குழாயில் வாஷர் போய்விட்டது, விராலிப்பட்டியில் மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் இரண்டேகால் அடி. எல்லாம் ஒரே மூச்சில். அவருக்கு எல்லாமே கண்ணெதிரே இருந்தது.

அமைப்புப் பலகையை நிறைமதியிடம் கொடுத்தேன். கோபம், பொறுமை, உணவில் குறை காணுதல், மகளிடம் அக்கறை, ஒவ்வொன்றையும் இழுத்துக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி. அவள் பேச்சைக் குறைத்தாள், குறைந்தது. அக்கறையைக் கூட்டினாள், "மாப்பிள்ளை உன்னை நல்லா வச்சிருக்காராடா?" என்று கேட்டார். அவள் குழந்தை மாதிரிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குள் அவள் மாமாவுக்கு அலைபேசியில் சொல்லிவிட்டிருந்தாள். தண்டபாணி திரையில் வந்தார். தங்கையிடம் பதினோரு வருடமாகப் பேசாதவர், தங்கை கணவனைத் திருகலாம் என்றதும் வந்துவிட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு அந்தப் பிடிவாதம் இருக்குல்ல, அதைக் கொறைக்க முடியுமா?"

முடியும். பிடிவாதம், அமைப்பு எண் அறுநூற்றுப் பன்னிரண்டு. மணிமாறனுக்கு அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் இருந்தது. நிறைமதி அறுபதுக்குக் கொண்டுவந்தாள்.

"அப்பா, மாமா வீட்டு அளவு எவ்வளவுப்பா?"

"ரெண்டேகால் அடி. ரெண்டுன்னும் வச்சுக்கலாம்."

நாற்பது.

"ஒண்ணரை இருக்கும். வெயில்ல கருவி கொஞ்சம் முன்னபின்ன காட்டும்."

இருபது.

"நான் கல்லே நடலையே. யார் சொன்னா?"

"எழுதி வாங்கும்மா! ஒரு பேப்பர்ல எழுதி வாங்கு!" என்று தண்டபாணி திரையில் எழுந்து நின்றார். மணிமாறன் பேனாவுக்குக் கையை நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை, கூச்சம் இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர் வெறும் தாளில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

"நிறுத்துடி," என்றார் ஹேமலதா அம்மா.

"உனக்காகத்தானேம்மா பண்றேன். உன் பக்கம்தானே பேசுறாரு."

"நிறுத்துன்னு சொன்னேன். தொண்ணூத்தஞ்சுலயே வை."

நிறைமதி வைத்தாள். மணிமாறன் கையை இழுத்துக்கொண்டு, "ரெண்டேகால் அடி," என்றார். தண்டபாணி இணைப்பைத் துண்டித்தார். ஹேமலதா அம்மா அன்று முழுவதும் பலகையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பதினான்கு வருடமாக மருதக்காரி. அந்தப் பலகையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அன்றும் அருள்தாஸுடன் சாப்பிடவில்லை, காரணம் மட்டும் வேறு.

மூன்றாம் நாள் முல்லை நான்கு நொடியில் ஏறிவிட்டது. மணிமாறன் சிரிக்கவில்லை. மேலே பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீ கிடைக்குமாம்மா?"

கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்காமல், "அவங்க சாப்ட்டாங்களான்னு கேளும்மா," என்றார்.

"சாப்ட்டாச்சுன்னு சொல்லுங்க," என்றார் ஹேமலதா அம்மா.

"சாப்ட்டாச்சாம் சார்," என்றேன்.

"அப்படியேதான் இருக்காரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள் நிறைமதி. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தாள். அவர் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னார். மதியத்துக்கு மேல் அவள் பொறுக்க முடியாமல் காற்று வாங்கக் கீழே போய்விட்டாள். மாதிரி வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

நான்கு மணிக்கு மணிமாறன் கேட்டார், "இது எந்த இடம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தக்கட்டு, பொத்தான், மூன்று முகப்பு, மூன்று நாள். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதல் ரெண்டு நாள் எனக்கு ஞாபகம் இல்லையே."

"சேமிக்க மாட்டோம் சார்."

"யாரு முடிவு பண்றது?"

"குடும்பத் தலைவர்."

"நான்தானே."

"கார்டுல அம்மா பேரு சார்."

யோசித்தார். "ஆமா. நான்தான் மாத்தினேன்." பிறகு, "அடித்தல் திருத்தல் இல்லாம இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

அதில் அவருக்குத் திருப்தி. "முதல் நாள் நான் என்ன பண்ணேன்?"

நான்காவது விதி அபிப்பிராயத்தைத்தான் தடுக்கிறது, தகவலைத் தடுக்கவில்லை. "அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க."

"எதுக்கு?"

"அது உங்களுக்குத் தெரியல."

"தெரியாம எப்படிக் கேட்டேன்?"

"அழகா கேட்டீங்க சார்."

"ரெண்டாம் நாள்?"

"கல்லே நடலைன்னு சொன்னீங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நானா?"

"பிடிவாதத்தை இருபதுல வச்சப்ப சார். அம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க."

முதல் முறையாக மனைவி இருந்த பக்கம் அவர் தலை திரும்பியது. ஹேமலதா அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது.

"இன்னைக்கு நடக்கிறதும் சேமிக்காதா?"

"அஞ்சு மணிக்கு மூடினா போயிரும் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் நாற்காலியை இழுத்து மனைவிக்கு நேராகத் திருப்பினார்.

"ஹேமா," என்றார். முதல் நாள் சொன்ன அதே சொல்தான். இந்தத் தடவை சிரிப்பு இல்லாமல் வந்தது. "அளவு சரி. ரெண்டேகால் அடிதான். இப்பப் போய் அளந்தாலும் அதான் வரும். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

ஹேமலதா அம்மா அசையவில்லை.

"ஆனா நான் போயிருக்க வேணாம். சொந்தக்காரங்க இடம்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா நிலக்கோட்டைல இருந்து வேற ஆளை அனுப்பியிருப்பாங்க. அந்த ஆளும் அதே இடத்துலதான் கல்லு நட்டிருப்பான். உங்க அண்ணன் அவனைத் திட்டிட்டுப் போயிருப்பாரு. நீ உங்கம்மா முகத்தைக் கடைசியா பாத்திருப்ப." நிறுத்தினார். "அன்னைக்கு நான் லீவு போட்டிருக்கலாம் ஹேமா. மச்சினன்னு கூடப் பாக்கலடா மனுஷன்னு நாலு பேரு சொல்லணும்னு போனேன். கல்லு நட்டுட்டுத் திரும்பி வர்றப்ப பஸ்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஹேமலதா அம்மா என்னிடம் சொன்னார். "பதினோரு வருஷமா ஏன் சொல்லலைன்னு கேளுங்க."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சொன்னா மறுநாள் காலைல எந்திரிச்சு அதே வீட்லதானே இருக்கணும். அவ முகத்தைப் பாத்துக்கிட்டு. இன்னைக்குன்னா அந்தத் தொந்தரவு இல்ல." டம்ளரை எடுத்தார். காலியாக இருந்ததால் மறுபடி வைத்தார். பிறகு நாற்காலியைப் பழையபடி என் பக்கம் திருப்பிக்கொண்டார். "முதல் நாள் வந்தானே, அவனையே போட்டுக்கச் சொல்லும்மா. காரணம் தெரியலைன்னாலும் பேசிட்டாவது இருப்பான். என்னால அது முடியாது. சொல்லிரு."

"முதல் நாள் முகப்பையே போட்டுக்கச் சொல்றாரும்மா," என்றேன். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் இதை மறுபடி சொன்னேன்.

ஐந்து மணிக்கு என் திரையில் வழக்கமான கேள்வி வந்தது. இந்த அமர்வைச் சேமிக்கவா? வேண்டாம் என்ற பொத்தானைப் பதினான்கு வருடமாக அழுத்துகிறேன். கூடாது என்று ஒழுங்குமுறை சொல்கிறது, ஆனால் பொத்தான்கள் இரண்டு இருக்கின்றன. குடும்பத் தலைவரின் விரல் ரேகையும் என்னுடையதும் சேர்ந்தால் இரண்டாவதும் வேலை செய்யும். ஹேமலதா அம்மாவை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"சேமிக்கட்டுமாம்மா? சேமிச்சா சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கும். என் வேலை போகலாம், பரவாயில்ல."

திரையையே பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. நான் சத்தியமாக அந்த விரல் படட்டும் என்றுதான் நினைத்தேன்.

"சேமிக்காதுன்னு உங்களை நம்பித்தானே சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அப்ப வேணாம்," என்றார்.

நான்காம் நாள் நிறைமதி காலையிலிருந்து அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கடைசி இருபது நிமிடம் அவளுக்குத் தெரியாது. ஹேமலதா அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"குறிஞ்சி போடும்மா. இத்தனை வருஷம் பட்டது போதாதா? முதல் நாள் எவ்வளவு சந்தோஷமா இருந்த நீ."

"இருந்தேன்டி. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருந்துச்சு. அதான் பயமா இருக்கு." என்னிடம் திரும்பினார். "முல்லை போடுங்க மேடம்."

"யோசிச்சுட்டீங்களாம்மா? மாத்த முடியாது."

"அந்த மன்னிப்பைக் கேட்டவரு இவருதானே? இவரை உள்ள வச்சுப் பூட்டிட்டு இன்னொருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, எங்கிட்ட கேட்டது யாரு?"

நிறைமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யார் என்ன கேட்டாங்க?" என்றாள். அம்மா கையெழுத்துப் போட்டார். படிவத்தில் தேர்வுக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. தோற்றம், வேகம், எடை, மற்றவை. எதைப் போடட்டும் என்று கேட்டேன். "எடை," என்றார். போட்டேன்.

பதினொன்றரைக்கு நிறுவல் முடிந்தது. மணிமாறன் கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை அவருக்கு யாரென்று தெரியவில்லை. டீ கேட்டார், கொடுத்தேன். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். மூன்று நாள் சோதித்தோம், முல்லை போட்டிருக்கிறோம் என்றேன்.

"நடந்தது ஏதாவது எனக்குத் தெரியணுமா?"

"ஒண்ணும் இல்ல சார்."

தலையாட்டினார். காலை ஊன்றி எழுந்து நின்றார், நன்றாகவே நின்றார். கதவருகே மனைவி மருந்துப் பையுடன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் மணிமாறன் என்னிடம் சொன்னார், "வீட்டுக்குப் போலாமான்னு அவங்ககிட்ட கேளும்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹேமலதா அம்மா பேசிவிட்டார்.

"போலாம். வாங்க. மெதுவா வாங்க, வெளிய ரெண்டு படி இருக்கு."

நிறைமதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். மணிமாறன் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு என்னிடம் குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இவளுக்கு என்னம்மா ஆச்சு?"

அவருடைய முகத்தில் இருந்தது பயம். பதினோரு வருடம் பேசாத மனைவி பேசுகிறாள், ஏன் என்று தெரியவில்லை. இனி எந்த நாளும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

"தெரியல சார்," என்றேன்.

ஹேமலதா அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"சரி," என்றார் மணிமாறன். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "வர்றேன்," என்றார் அடுத்து, அது என்னிடம் இல்லை.